பள்ளிக்கு வந்த பணம் எவ்வளவு? யூடைஸ் பிளஸ் அறிக்கை அட்டை: ஒரு பெற்றோரின் மதிப்புரை

அரசுப் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுதோறும் எவ்வளவு மானியம் வருகிறது, அதில் எவ்வளவு செலவானது என்பதைப் பெற்றோர் எவரும் வீட்டில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். பள்ளிகளின் விவரங்களைத் திரட்ட ஒன்றியக் கல்வி அமைச்சகம் நடத்தும் யூடைஸ் பிளஸ் இணையதளத்தில் ‘நோ யுவர் ஸ்கூல்’ (உங்கள் பள்ளியை அறியுங்கள்) என்றொரு பகுதி உள்ளது. அதில் நுழைவதற்குப் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ கட்டணமோ தேவையில்லை. நாட்டின் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கு ஆண்டுவாரியாக ஓர் அறிக்கை அட்டை அங்கே கிடைக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கு இந்த அட்டை எந்த அளவுக்குப் பயன்படும் என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு இதை மதிப்பிடுகிறேன். பள்ளியில் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள இது மிக நல்ல சேவை. ஆனால் நிதியைப் பொறுத்தவரை, பணம் எவ்வளவு வந்தது என்று சொல்லும் இந்த அட்டை அது எப்போது வந்தது என்பதைச் சொல்வதில்லை. பள்ளி நிர்வாகத்தில் கால் பதித்தவர்களுக்குத் தெரியும், இரண்டாவது கேள்விதான் பெரிது.

இந்தத் தரவுத் திரட்டு நேற்று முளைத்ததன்று. மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் நடந்த 1990-களின் நடுப்பகுதியில் டைஸ் என்ற பெயரில் தொடங்கி, 2012-13-இல் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் கணக்கெடுப்பையும் சேர்த்துக்கொண்டு யூடைஸ் ஆனது. 2018-19 முதல் முழுமையாக இணையவழிக்கு மாறி ‘பிளஸ்’ என்ற ஒட்டைப் பெற்றது. 2022-23 முதல் பள்ளிவாரியான மொத்த எண்ணிக்கைகளுக்குப் பதிலாக ஒவ்வொரு மாணவரின் விவரமும் தனித்தனியே பதியப்படுகிறது. ஆயினும் பொதுமக்கள் பார்க்கும் அட்டையில் எந்தக் குழந்தையின் பெயரும், எந்த ஆசிரியரின் பெயரும் இல்லை. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். 2024-25 அறிக்கையின்படி நாடு முழுவதும் 14.71 லட்சம் பள்ளிகள், 24.69 கோடி மாணவர்கள். இவ்வளவு பெரிய கணக்கெடுப்பின் ஒரு துளியை, நம் ஊர்ப் பள்ளிக்குரிய துளியை, எவரும் தனியே எடுத்துப் பார்க்க முடிவது சிறிய காரியமன்று.

தேடும் முறை எளிது. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் உண்டு. அதன் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தையும், அடுத்த இரண்டு மாவட்டத்தையும், அதற்கடுத்த இரண்டு வட்டாரத்தையும், பின்னர் வருபவை ஊரையும் பள்ளியையும் குறிக்கும். தமிழ்நாட்டுப் பள்ளியென்றால் அந்த எண் 33 என்றுதான் தொடங்கும். பள்ளியின் பெயர்ப் பலகையிலோ மாற்றுச் சான்றிதழிலோ இந்த எண்ணைப் பெரும்பாலும் காணலாம். எண் கையில் இருந்தால் நேரே அட்டைக்குப் போய்விடலாம். இல்லாவிட்டால் பள்ளியின் பெயரைக் கொண்டு தேட வேண்டும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது, ஏனென்றால் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளின் பெயர்கள் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளோடு பதியப்பட்டிருக்கின்றன. ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதிலும் ஒரே முறை இல்லை. ழகரமும் ளகரமும் உள்ள ஊர்க்காரர்கள் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களை மாற்றி மாற்றி அடித்துப் பார்க்கத்தான் வேண்டும். அட்டை முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பது இந்தச் சேவையின் முதல் பெருங்குறை. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும் பாதிப் பங்கு பெண்களும் இருக்க வேண்டும் என்கிறது. அதே பிரிவு, பள்ளிக்கு வரும் மானியம் முறையாகச் செலவாகிறதா என்று கண்காணிக்கும் பொறுப்பையும் அந்தக் குழுவுக்கே தருகிறது. நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு மாலையில் குழுக் கூட்டத்துக்கு வரும் தாய்மார்களிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, ஆங்கிலச் சுருக்கெழுத்துகளில் ஓர் அட்டையை நீட்டுவது எந்த வகையில் நியாயம் என்று தெரியவில்லை.

மொழித் தடையைத் தாண்டிவிட்டால் அட்டை உண்மையிலேயே வளமானது. வகுப்பறைகளின் எண்ணிக்கை, கட்டடத்தின் வகை, சுற்றுச்சுவர், சாய்தளம், குடிநீர், கை கழுவும் வசதி, மின்சாரம், விளையாட்டுத் திடல், நூலகப் புத்தகங்களின் எண்ணிக்கை, கணினி, இணைய இணைப்பு ஆகியவை வரிசையாக வருகின்றன. வகுப்புவாரியாக மாணவர் எண்ணிக்கையும், நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பிரிவோடு ஆசிரியர் எண்ணிக்கையும், அவர்களின் கல்வித் தகுதியும் அதில் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த வரி கழிப்பறை பற்றியது. ஆண் குழந்தைகளுக்கு, பெண் குழந்தைகளுக்கு என்று பிரித்து, மொத்தம் எத்தனை, பயன்பாட்டில் இருப்பவை எத்தனை என்று இரண்டு எண்களை அது தருகிறது. கட்டியது நான்கு, பயன்பாட்டில் இரண்டு என்று அட்டையில் இருந்தால், மற்ற இரண்டும் பூட்டிக் கிடக்கின்றன, அல்லது தண்ணீர்க் குழாய் உடைந்து கிடக்கின்றன, அல்லது பழைய மேசைகளைப் போட்டு வைக்கும் இடமாகிவிட்டன என்று பொருள். அந்த இரண்டு எண்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் கேட்பதற்கு எந்த நிபுணத்துவமும் தேவையில்லை. கற்பித்தல் அல்லாத பணிகளில் ஆசிரியர்கள் ஈடுபடுத்தப்பட்டார்களா என்பதற்கும் அட்டையில் ஒரு வரி உண்டு. பிள்ளைகளின் பாடம் ஏன் பின்தங்குகிறது என்று ஆசிரியரைக் கேட்கப் போகும் முன்பு பெற்றோர் பார்க்க வேண்டிய வரி அது.

இனி பணத்துக்கு வருவோம். அட்டையில் மானிய வரவு, மானியச் செலவு என்று இரண்டு தொகைகள் தெரியும். அவற்றை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின், அதாவது சமக்ர சிக்‌ஷாவின், விதிமுறைகளை அருகில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அந்த எண்கள் பேசத் தொடங்கும். 2018-19-இல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தையும் இடைநிலைக் கல்வி இயக்கத்தையும் ஆசிரியர் கல்வியையும் ஒன்றாக இணைத்து வந்த இத்திட்டத்தில் ஒன்றிய அரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்ற விகிதத்தில் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. அன்றாடச் செலவுகளுக்காகப் பள்ளிக்குக் கிடைப்பது ஒருங்கிணைந்த பள்ளி மானியம். இதன் அளவு மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 மாணவர்கள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1,000 வரை 75,000, ஆயிரத்துக்கு மேற்பட்டால் ஒரு லட்சம் ரூபாய் என்பது உச்ச வரம்பு. இதில் குறைந்தது 10 விழுக்காட்டைத் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். தொடக்கப் பள்ளியென்றால் இதற்கு மேல் நூலகத்துக்கு 5,000, விளையாட்டுப் பொருள்களுக்கு 5,000 என்று விதிமுறையில் இடமுண்டு. ஆகவே 84 பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கப் பள்ளியின் அட்டையில் வரவு 35,000 ரூபாயை ஒட்டி இருந்தால் விதிப்படி வந்திருக்கிறது என்று கொள்ளலாம். மிகவும் குறைவாக இருந்தால் ஏதோ ஒரு மானியம் வரவில்லை, அல்லது பதியப்படவில்லை. எது என்று தலைமையாசிரியரிடம் கேட்கலாம்.

இந்தப் படிநிலைகளின் நியாயத்தை அட்டைகளை ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் உணர முடிகிறது. 31 பிள்ளைகள் உள்ள பள்ளிக்குத் தலைக்கு 806 ரூபாய் கிடைக்கிறது. 100 பிள்ளைகள் இருந்தால் 250 ரூபாய். ஆயிரம் பேர் படிக்கும் பெரிய பள்ளிக்கு 75 ரூபாய்தான். மறுபுறம், 31 பேர் இருந்த ஊரில் ஒரு குடும்பம் பிழைப்புக்காகத் திருப்பூருக்கோ கோவைக்கோ இடம்பெயர்ந்து எண்ணிக்கை முப்பதாகிவிட்டால் மானியத்தின் வரம்பு 25,000-இலிருந்து 10,000-ஆகச் சரிகிறது. சுண்ணக்கட்டியும் துடைப்பமும் பினாயிலும் மின்விளக்கும் ஒரு பிள்ளை குறைந்ததற்காகக் குறைந்துவிடுமா என்ன? எண்ணிக்கை குறைந்த பள்ளிகள் மேலும் நலிவதற்கு இத்தகைய கணக்குகளும் ஒரு காரணம் என்பது என் கருத்து. அட்டையைச் சில ஆண்டுகளுக்குத் தொடர்ச்சியாக எடுத்து மாணவர் எண்ணிக்கையையும் மானியத்தையும் அருகருகே எழுதினால், உங்கள் ஊர்ப் பள்ளி இந்த விளிம்புகளில் எதற்கு அருகில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். சேர்க்கை விழாவில் யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பதற்கு இதைவிட உறுதியான தூண்டுதல் வேறில்லை.

ஆனால் நான் தொடக்கத்தில் சொன்ன குறை இங்கேதான் உறைக்கிறது. யூடைஸ் படிவம் செப்டம்பர் 30-ஐ அடிப்படை நாளாகக் கொண்டது. நிதி பற்றி அது கேட்பது முந்தைய ஆண்டின் வரவு செலவை. மாநிலங்களிலிருந்து வந்த விவரங்கள் சரிபார்க்கப்பட்டு அறிக்கையாக வெளிவருவதற்கு மேலும் காலம் பிடிக்கிறது. 2022-23, 2023-24 ஆகிய இரண்டு ஆண்டுகளின் தேசிய அறிக்கைகளும் ஒன்றாக 2024 இறுதியில்தான் வெளியாகின. 2024-25-க்கான அறிக்கை 2025 ஆகஸ்டில் வந்தது, அது வரவேற்கத்தக்க முன்னேற்றம். என்றாலும், இந்த ஆண்டு பள்ளிக்கு என்ன வந்தது என்று கேட்கும் பெற்றோருக்கு அட்டை காட்டுவது கடந்த ஆண்டின் கதையைத்தான். அதிலும் பணம் ஜூனில் வந்ததா, பிப்ரவரியில் வந்ததா என்ற செய்தி இல்லை.

தேதி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை நிதி வரும் வழியைப் பார்த்தால் விளங்கும். முன்பெல்லாம் மானியம் பள்ளியின் வங்கிக் கணக்குக்கு வந்து இருப்பில் கிடக்கும், தேவைப்படும்போது எடுத்துச் செலவிடலாம். ஒன்றிய நிதியமைச்சகத்தின் 2021 மார்ச் ஆணைக்குப் பிறகு, ஒன்றிய அரசு நிதியளிக்கும் திட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் மாநில அளவில் ஒரே முதன்மைக் கணக்கு வைக்கப்பட்டது. பள்ளிகளுக்கு இருப்பில்லாத துணைக் கணக்குகள் திறக்கப்பட்டன. பள்ளியின் கணக்கில் இப்போது பணம் தங்குவதில்லை, செலவு செய்யும் வரம்பு மட்டுமே ஏற்றப்படுகிறது. தலைமையாசிரியர் விலைப்புள்ளி பெற்று, பொருளை வாங்கி, ரசீதை வைத்து, பொது நிதி மேலாண்மை அமைப்பு என்ற இணையவழி முறையில் கடைக்காரரின் கணக்குக்கு நேரே செலுத்த வேண்டும். பணம் எங்கும் முடங்கிக் கிடக்காமல் இருப்பதற்கு இது நல்ல ஏற்பாடு. ஆயினும் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. வரம்பு தாமதமாக வந்து சேர்ந்தால், ஆண்டு முழுவதற்குமான செலவைச் சில வாரங்களில் முடித்துப் பயன்பாட்டுச் சான்றிதழும் கொடுத்தாக வேண்டும். அதுவரை பள்ளியை நடத்துவது எப்படி? பல ஊர்களில் தலைமையாசிரியர்கள் கைக்காசைப் போட்டுச் சமாளிக்கிறார்கள் என்பது ஆசிரியர் வட்டாரத்தில் எல்லாரும் அறிந்த செய்தி. வரவு 25,000, செலவு 25,000 என்று அட்டை கச்சிதமாகக் காட்டும்போது, அந்தச் செலவு ஆண்டு முழுவதும் பிள்ளைகளுக்குப் பயன்பட்டதா, மார்ச் மாதக் கடைசி வாரத்தில் அலமாரிக்குள் போய்ச் சேர்ந்ததா என்பது மறைந்துபோகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளிக்குச் செலவாகும் அரசுப் பணத்தின் மிகச் சிறிய பகுதியையே அந்த மானிய வரி காட்டுகிறது. ஆசிரியர் ஊதியம் கருவூலம் வழியே போகிறது. பாடநூல்கள் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்திலிருந்து வருகின்றன. மதிய உணவு சமூக நலத்துறையின் பொறுப்பு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, பின்னர் மாநிலமெங்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்துக்கு நிதியும் நிர்வாகமும் தனி. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் வகுப்பறைக் கட்டடங்கள் பலவற்றை ஊரக வளர்ச்சித் துறை கட்டுகிறது. கழிப்பறையைக் கழுவும் தூய்மைப் பணியாளரின் சொற்ப ஊதியமும் ஊர்ப்புறங்களில் உள்ளாட்சி வழியாகவே வருகிறது. ஆகவே கழிப்பறை நாறுகிறது என்றால் மானிய வரியைப் பார்த்துப் பயனில்லை, ஊராட்சி அலுவலகத்தைக் கேட்க வேண்டும். ஒரே பள்ளிக்குள் இத்தனை துறைகளின் பணம் வந்து சேர்வதை ஓரிடத்தில் காட்டும் அட்டை எதுவும் பெற்றோர் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை. யூடைஸ் பிளஸ் அதைச் செய்வதாகச் சொல்லவும் இல்லை. ஆனால் ‘மானிய வரவு’ என்ற தலைப்பைப் பார்ப்பவர் அதுவே முழுக் கணக்கு என்று எண்ணிவிடும் ஆபத்து உண்டு. விளக்கமாக ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்.

தரவின் நம்பகத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். அட்டையில் உள்ளவை அனைத்தும் பள்ளியே நிரப்பித் தந்தவை. வட்டார, மாவட்ட நிலைகளில் சரிபார்ப்பு இருந்தாலும், விளையாட்டுத் திடல் ‘உண்டு’ என்பது சாலையோரப் புறம்போக்கா, கம்பம் நட்ட மைதானமா என்பதைச் சென்னையிலோ தில்லியிலோ உட்கார்ந்து எவரும் அறிய முடியாது. அதற்குத்தான் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். அதே நேரத்தில், பிழை கண்டவுடன் தலைமையாசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் சரியன்று. மாநிலப் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்திலும் யூடைஸிலும் விவரங்களை ஏற்றும் வேலை பெரும்பாலும் வகுப்பெடுக்க வேண்டியவர்களின் தலையிலேயே விழுகிறது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் கணினி முன் உட்கார்ந்தால் ஐந்து வகுப்புகளையும் மற்றவர் பார்த்துக்கொள்ள வேண்டும். தரவுப் பதிவிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது ஆசிரியர் சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை. பெற்றோருக்கு விவரம் வேண்டும் என்று கேட்கும் நாம் அந்தக் கோரிக்கைக்கும் துணை நிற்பதுதான் முறை.

இந்த அட்டைக்கு மாற்றாகவோ துணையாகவோ வேறு என்ன இருக்கிறது என்று பார்த்தால் தேர்வுகள் குறைவு. ஒவ்வோர் ஆண்டும் மாநிலத்துக்கு எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று ஒப்புதல் அளிக்கும் திட்ட ஒப்புதல் வாரியத்தின் கூட்டக் குறிப்புகளை ஒன்றிய அமைச்சகம் வெளியிடுகிறது. பொறுமை உள்ளவர்களுக்கு அது புதையல், ஆனால் மாநில அளவிலான கணக்கையே தரும். துறை இயக்குநர்களின் செயல்முறைகளும் (அதாவது உத்தரவுகளும்) நிதி விடுவிப்புக் கடிதங்களும் வாட்ஸ்அப் குழுக்களில் வலம்வருகின்றன. அவை தலைமையாசிரியர்களுக்கு உடனே கிடைக்கின்றன, குழுவில் இருக்கும் பெற்றோருக்குக் கிடைப்பது அவரவர் தயவைப் பொறுத்தது. முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் உதவுவதற்காக 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ தளத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுத்து நன்கொடை அளிக்கலாம். நன்கொடை அளிக்க விரும்புவோர் முதலில் யூடைஸ் அட்டையைப் பார்த்துப் பள்ளிக்கு எது இல்லை என்று தெரிந்துகொண்டு பிறகு அங்கே போவது நல்லது. ஏற்கெனவே இரண்டு படவீழ்த்திகள் (புரொஜெக்டர்கள்) உள்ள பள்ளிக்கு மூன்றாவதை வாங்கிக் கொடுத்துவிட்டு, சுற்றுச்சுவர் இல்லாததைக் கவனிக்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். தேதிவாரியான கணக்குதான் வேண்டும் என்றால், 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதுவதே இறுதி வழி. 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் நல்லுறவு உள்ள பள்ளியில் அதுவரை போகத் தேவையே இராது, ரொக்கப் பதிவேட்டையும் இருப்புப் பதிவேட்டையும் குழுக் கூட்டத்தில் மேசைமேல் வைக்கச் சொன்னாலே போதும். கண்காணிக்கும் பொறுப்பைச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது என்பதை மரியாதையோடு நினைவூட்டினால் பெரும்பாலான தலைமையாசிரியர்கள் மறுப்பதில்லை. சிலர், கேட்பதற்கு ஆள் வந்ததே என்று மகிழ்வதையும் கண்டிருக்கிறேன்.

பயன்படுத்தும் முறையைப் பற்றிச் சுருக்கமாக ஒரு யோசனை. குழுவில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒருவர் அட்டையின் முக்கியமான வரிகளை மட்டும் தமிழில் ஒரு தாளில் எழுதிவிடலாம். அதைப் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கும் கூட்டத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவின்படி அந்தத் திட்டமே அரசு வழங்கும் மானியத்துக்கு அடிப்படையாக இருக்க வேண்டும். அடுத்து வரும் கிராம சபையிலும் அந்தத் தாளை வாசிக்கலாம். ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூடும் மாநிலம் இது, வாய்ப்புக்குப் பஞ்சமில்லை.

2024-25-ஆம் ஆண்டையும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளையும் சார்ந்த நிதி விவரங்களைப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மாதிரிப் பள்ளிகளை உருவாக்கும் ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததைக் காரணம் காட்டி, 2024-25-க்கான சமக்ர சிக்‌ஷா நிதியில் ஒன்றிய அரசின் பங்கான சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது. தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்றால்தான் நிதி என்ற நிபந்தனையை எதிர்த்து மாநில அரசு 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. அந்தக் காலத்துக்குரிய அட்டையில் வரவு குறைந்தோ சுழியமாகவோ இருந்தால், ‘பணம் எங்கே போனது?’ என்ற கேள்வியோடு தலைமையாசிரியரின் அறைக்குள் நுழைய வேண்டாம். அந்தக் கேள்விக்கு விடை அந்த அறையில் இல்லை. அங்கே கேட்க வேண்டியது, அந்த ஆண்டில் துடைப்பத்துக்கும் சுண்ணக்கட்டிக்கும் யார் பணம் கொடுத்தார்கள், அது அவர்களுக்குத் திரும்பக் கிடைத்ததா என்பதுதான்.